திங்கள் இரவு மல்யுத்தத்தை விமர்சிப்பது எப்படி: 90-களின் ரா, நைட்ரோ பார்ப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிக்க வேண்டும் என்பது மேட்ச் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். அப்படியானால் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். தெருக்கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் இந்த வருஷம் படுகளம் எப்படி இருந்தது என்று மறுநாள் டீக்கடையில் பேச்சு ஓடுகிறது. மல்யுத்த விமர்சனமும் அந்தப் பேச்சுதான். முடிவை எப்படிக் கொண்டுவந்தார்கள், கூட்டத்தை எங்கே எழுப்பினார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதை நிதானமாகப் பார்த்து எழுதுவது.

வாராந்தர டிவி நிகழ்ச்சிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 90-களில் ராவை நடத்திய டபிள்யூடபிள்யூஎஃப், நைட்ரோவை நடத்திய டபிள்யூசிடபிள்யூ என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் பெரிய வருமானம் பணம் கட்டிப் பார்க்கும் பே-பர்-வியூ நிகழ்ச்சிகளிலும் டிக்கெட் விற்பனையிலும் இருந்தது. திங்கள் இரவு நிகழ்ச்சி அதற்கான கடை வாசல். ஆகவே ஒவ்வொரு மேட்சையும் ஒவ்வொரு பேச்சையும் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எதற்காக வைக்கப்பட்டது, அந்த வேலையைச் செய்ததா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மேட்ச் நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது என்று மட்டும் எழுதினால் பாதி விமர்சனம்தான் ஆகும்.

எந்த வருஷம் என்று முதலில் பாருங்கள்

மண்டே நைட் ரா 1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் தொடங்கியது. யூஎஸ்ஏ நெட்வொர்க்கில் ஒரு மணி நேரம். சின்ன அரங்கம், ரிங்குக்கு மிக அருகில் கூட்டம். முதல் மேட்ச் யோகோசுனாவும் கோகோ பி. வேரும், கடைசி மேட்சில் அண்டர்டேக்கர். போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ, டிஎன்டி சேனலில் மண்டே நைட்ரோவை 1995 செப்டம்பர் 4 அன்று மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்துக்குள்ளேயே ரிங் போட்டுத் தொடங்கியது. 1996 மே 27 முதல் நைட்ரோ இரண்டு மணி நேரம், 1998 தொடக்கத்தில் மூன்று மணி நேரம். ரா 1997 பிப்ரவரியில் இரண்டு மணி நேரமானது.

இந்த நீளக் கணக்கு தெரியாமல் ஒப்பிட்டால் தவறு வரும். 1993-இன் ஒரு மணி நேர ராவில் விளம்பரம் போக முக்கால் மணி அளவுதான் மிஞ்சும். அதில் பெரிய மேட்ச் ஒன்று இருந்தாலே அது நல்ல வாரம். மூன்று மணி நேர நைட்ரோவிலோ நடுவில் கூட்டம் களைத்துப் போவதைக் காதாலேயே கேட்கலாம்.

நேரலையா, முன்பே பதிவானதா என்பதும் முக்கியம். நைட்ரோ நேரலை. ரா ஆரம்ப வருஷங்களில் ஒரு வாரம் நேரலையாகப் போகும். அதே இரவிலோ அதையொட்டியோ அடுத்தடுத்த வாரங்களுக்கானதையும் எடுத்துவிடுவார்கள். நைட்ரோ தொடங்கிய புதிதில் அதன் பொறுப்பாளரும் வர்ணனையாளருமான எரிக் பிஷாஃப் நேரலையில் உட்கார்ந்துகொண்டு, பதிவான ராவில் யார் ஜெயித்தார் என்று சொல்லியே விடுவார். பதிவான நிகழ்ச்சியில் கூட்டத்தின் சத்தத்தைப் பிறகு சேர்க்கவும் முடியும். கண்டுபிடிப்பது சுலபம்: ஒலியில் அரங்கமே அதிரும், முன்வரிசை ஆட்களோ கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கூட்டம் கொண்டாடியது என்று எழுதாதீர்கள்.

தெரிய வேண்டிய சில சொற்கள்

நல்லவன் பாத்திரம் ஃபேஸ், கெட்டவன் பாத்திரம் ஹீல். ஒருவர் பக்கம் மாறுவது டர்ன். மைக்கைப் பிடித்துப் பேசுவது ப்ரோமோ. மேட்சுக்கு வெளியே கதையை நகர்த்தும் சம்பவம் ஆங்கிள். பெரிய ஆள் சின்ன ஆளை இரண்டு மூன்று நிமிடத்தில் நொறுக்கிவிட்டுப் போவது ஸ்குவாஷ். அப்படித் தோற்பதற்கென்றே வருபவர் ஜாபர். விழுவது பம்ப். வாங்கிய அடி வலிப்பதாகக் காட்டுவது செல்லிங். இதெல்லாம் நிஜம் என்ற பாவனையை உள்ளேயும் வெளியேயும் காப்பாற்றுவதற்குப் பெயர் கேஃபேப். வெளியாள் ஓடி வந்து மேட்சைக் கெடுப்பது ரன்-இன். இவ்வளவு போதும், மீதி பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

பார்க்கும் முறை

இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை எதையும் எழுதாதீர்கள். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே போனைக் கையில் எடுத்தீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும், அதுவே மிக நேர்மையான குறிப்பு. இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தொடங்கிய நேரம், யார் யார், எவ்வளவு நிமிடம், எப்படி முடிந்தது, எதற்காக. மேட்ச் நேரத்தை மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை கணக்கிடுங்கள். நுழைவு நடையைச் சேர்க்கக் கூடாது. நடுவில் விளம்பரம் வந்திருந்தால் காட்டப்பட்ட நேரம் இவ்வளவு என்று தனியாகக் குறியுங்கள். பன்னிரண்டு நிமிட மேட்சில் எட்டைத்தான் பார்த்தீர்கள் என்றால், பார்க்காத நான்கு நிமிடத்துக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பார்வையாளர் எண்ணிக்கையைக் கால் மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதனால் எது எந்தக் கால் மணியில் வருகிறது என்பதற்கு அர்த்தம் உண்டு. இரண்டு மணி நேரமான பிறகு நைட்ரோ எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு எதிர்ச் சேனலில் ரா தொடங்கும்போது இங்கே மேடையில் வாணவேடிக்கை வெடிக்கும், வர்ணனையாளர்கள் மாறுவார்கள், பெரிய பெயர் ஒன்று வெளியே வரும். முதல் மணி நேரத்தில் ரே மிஸ்டீரியோ, டீன் மாலென்கோ, எடி கெரேரோ போன்ற குறைந்த எடைக்காரர்கள் அற்புதமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த மேட்சுகள் ஏன் எட்டேகாலுக்கு வந்தன, ஒன்பதுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது நல்ல விமர்சனக் கேள்வி.

ஒரு மேட்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்

1993 மே 17, மன்ஹாட்டன் சென்டர். ஒரு பக்கம் ரேசர் ரமோன்: 6 அடி 7 அங்குலம் என்று அறிவிக்கப்பட்ட உயரம், கழுத்தில் தங்கச் சங்கிலி, வாயில் பல்குச்சி. எதிரில் இருபது வயது ஒல்லிப் பையன். முந்தைய வாரங்களில் ‘கிட்’ என்று ஒட்டவைத்த வெவ்வேறு பெயர்களில் வந்து தோற்றுக்கொண்டிருந்தவன். பார்ப்பவருக்கு இது ஸ்குவாஷ் என்று ஒரு நொடியில் புரியும். ரேசரும் ஸ்குவாஷ் ஆடுவது போலவே ஆடுகிறார்: தூக்கிப் போடுகிறார், அலட்சியமாக நடக்கிறார், அவசரமே இல்லை. பிறகு மூலையை நோக்கி ஓடிவந்து மோதப் பார்க்கிறார், பையன் விலகிவிடுகிறான். ரேசர் சாய்ந்து விழ, பையன் மேல் கயிற்றில் ஏறிப் பின்புறமாகக் கரணம் அடித்து அவர் மேல் விழுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று. வின்ஸ் மக்மேனின் குரல் வர்ணனை மேசையில் உடைகிறது, கூட்டம் எழுந்து குதிக்கிறது.

இதை ஐந்து நட்சத்திர மேட்ச் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நுட்பமாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் ‘எதற்காக’ என்ற பத்தியை நிரப்பிப் பாருங்கள். ஸ்குவாஷ் என்றால் எப்படி முடியும் என்று மாதக்கணக்கில் பார்வையாளருக்குப் பழக்கியதால்தான் அந்த மூன்று எண்ணிக்கை இடி போல விழுந்தது. அதற்குப் பிறகு பையனின் பெயரே 1-2-3 கிட். அவமானப்பட்ட ரேசர் மறுபோட்டிக்கு 10,000 டாலர் வரை பந்தயம் கட்டுகிறார், கிட் பணப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இன்னொரு ஹீலான டெட் டிபியாசி ரேசரைக் கேலி செய்யப் போய் அவரும் கிட்டிடம் தோற்கிறார். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் பே-பர்-வியூவில் ரேசர் டிபியாசியை வீழ்த்தும்போது, மூன்று மாதத்துக்கு முன் கெட்டவனாக இருந்தவர் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. சில நிமிட மேட்ச் ஒன்றிலிருந்து ஒரு புது நாயகன், ஒரு டர்ன், ஒரு கோடைக்காலக் கதை. வாராந்தர நிகழ்ச்சி இதைத்தான் செய்ய வேண்டும், இதைவிடச் சுத்தமாகச் செய்த இன்னொரு உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மேட்சுக்குள் என்ன பழுதாகும்

பெரும்பாலான மேட்சுகளுக்கு ஒரு நடை உண்டு. முதலில் நல்லவன் கை ஓங்கும், பிறகு ஏதோ ஒரு தில்லுமுல்லில் கெட்டவன் பிடித்துக்கொள்வான், நீண்ட நேரம் அடிப்பான், கடைசியில் நல்லவன் திமிறி எழுவான், முடிவு வரும். இதில் அதிகம் பழுதாகும் இடம் நடுப்பகுதி. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரும் ஓய்வுப் பிடி அங்கேதான் வரும். ஓய்வுப் பிடியே தப்பு என்று புதியவர்கள் எழுதுவார்கள், அது சரியில்லை. பிடிக்குள் இருப்பவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டுகிறாரா, காலை உதைத்து எழ முயல்கிறாரா, கூட்டம் தாளம் போட்டு அவரை எழுப்புகிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால் பிடி வேலை செய்கிறது. இருவரும் அசையாமல் அடுத்து என்ன என்று காதில் பேசிக்கொள்வது தெரிந்தால் வேலை செய்யவில்லை.

அடுத்தது செல்லிங். ரிக் ஃபிளேரின் மேட்சுகள் இதற்கு நல்ல பாடம். அவருடைய கடைசி ஆயுதம் ஃபிகர் ஃபோர் என்ற கால் பூட்டு. அதனால் நடு மேட்சிலேயே எதிராளியின் முழங்காலைத் தேடிப் போவார், கயிற்றில் வைத்து மேலே உட்காருவார், மிதிப்பார். பூட்டுப் போடும்போது அந்தக் கால் ஏற்கெனவே பாதி போயிருக்கும் என்று நமக்குத் தோன்ற வேண்டும். பத்து நிமிடம் இடது முழங்காலில் அடி வாங்கியவர் எழுந்து முயல் மாதிரி ஓடினால், அந்தப் பத்து நிமிடமும் வீண். இதைப் பிடிக்க எளிய வழி, எந்தக் கால் என்று எழுதி வைத்துக்கொள்வது. பாதியில் கால் மாறிவிடுவதைக்கூடப் பார்க்கலாம்.

ஜோடி மேட்சில் கண் வைக்க வேண்டிய இடம் மூலை. அடி வாங்குபவர் கூட்டாளியின் கைக்கு ஒரு விரல் தூரம் வரை போய்த் திரும்ப இழுபடுவதை இரண்டு மூன்று முறை செய்வார்கள். கை தொட்டதும் கூட்டம் வெடிக்க வேண்டும். அது வெடிக்காவிட்டால் முன்னால் அடி வாங்கிய நேரம் குறைவாக இருந்திருக்கும், அல்லது வாங்கியவர் மீது யாருக்கும் பரிவு வந்திருக்காது. எது காரணம் என்று சொல்வதுதான் விமர்சகரின் வேலை.

கை நழுவி ஒரு வீச்சு பிசகுவதைப் பெரிது பண்ண வேண்டாம். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதுங்கள். பிசகிய அதே வீச்சை மறுபடி எடுத்துச் செய்தால் பாவனை உடையும். அடித்து உதைத்து வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது.

நட்சத்திரக் கணக்கு

ஐந்து நட்சத்திர அளவுகோலைப் பரவலாக்கியது டேவ் மெல்ட்சரின் ரெஸ்லிங் அப்சர்வர் செய்திமடல். கால் கால் நட்சத்திரமாகப் பிரித்துக் கொடுப்பார்கள், மோசமானதற்குக் கழித்தல் நட்சத்திரமும் உண்டு. 1994 ரெஸில்மேனியாவில் ஷான் மைக்கேல்சும் ரேசர் ரமோனும் ஆடிய ஏணி மேட்ச் அந்த அளவில் ஐந்து வாங்கியது. ஆனால் அது பே-பர்-வியூ, நேரமும் இடமும் இருந்தது. திங்கள் இரவில் ஏழு நிமிடத்தில் ஆடப்படும் மேட்சை அந்த அளவில் வைத்தால் இரண்டரை, மூன்று என்பதே நல்ல மதிப்பெண். ஸ்குவாஷுக்கு நட்சத்திரமே தேவையில்லை, செய்ய வேண்டியதைச் செய்ததா என்று ஒரு வரி போதும். நட்சத்திரம் கொடுத்தால் ஏன் என்று இரண்டு வாக்கியமாவது எழுதுங்கள். எண் மட்டும் இருந்தால் வாசகருக்கு எதுவும் கிடைக்காது.

90-களில் நம் ஊர்ப் பையன்கள் விளையாடிய டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டுகளில் உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று எண்கள் இருக்கும், பெரிய எண் ஜெயிக்கும். அந்தப் பழக்கம் விமர்சனத்துக்கும் வந்துவிடுகிறது. பருமனும் பலமும் மேட்சை நல்லதாக்குவதில்லை.

மேட்சே இல்லாத நல்ல வாரம்

1998 ஏப்ரல் 13, ஃபிலடெல்ஃபியா. அதற்கு முன் எண்பது வாரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நைட்ரோதான் பார்வையாளர் கணக்கில் முன்னால். அன்று ராவின் தொடக்கத்திலேயே ஸ்டீவ் ஆஸ்டின், முதலாளி வின்ஸ் மக்மேனுடன் மோதப்போகிறார் என்று விதை போட்டார்கள். இரண்டு மணி நேரமும் நடுநடுவே அதற்கே திரும்பி வந்தார்கள். மக்மேன் தயாராவதைக் காட்டினார்கள். ஆஸ்டினின் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. கடைசியில் மிக் ஃபோலி டூட் லவ் வேஷத்தில் குறுக்கே வந்தார், மேட்ச் நடக்கவேயில்லை. மேட்சுக்கு மதிப்பெண் கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் பார்வையாளர் கணக்கில் ரா 4.6, நைட்ரோ 4.3, அந்த நீண்ட தொடர் அன்று முடிந்தது.

முதலாளியை அடிக்க ஆசைப்படாத தொழிலாளி யார்? கதை அவ்வளவு எளிமை. இதை விமர்சிக்கும்போது பார்க்க வேண்டியது இடைவெளி: எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை கதைக்குத் திரும்பினார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேர்ந்ததா, அல்லது அதையே மறுபடி சொன்னார்களா. ஏமாற்று முடிவு இருந்தும் பார்வையாளருக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் குறுக்கே வந்த ஆள் அடுத்த கதையின் தொடக்கமாக இருந்தார்.

ரன்-இன் முடிவு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதற்கு இதே அளவுகோல்தான். வாரத்துக்கு ஒன்று என்றால் சம்பவம். ஒரே இரவில் நான்கு என்றால் ஐந்தாவது மேட்சில் யார் என்ன செய்தாலும் கூட்டம் நுழைவாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நியூ வேர்ல்ட் ஆர்டர் என்ற ஹீல் அணி பெருத்த பிறகு நைட்ரோவுக்கு வந்த நோய் இது. எண்ணி எழுதுங்கள்: மொத்தம் எத்தனை மேட்ச், அதில் சுத்தமாக முடிந்தது எத்தனை.

இதற்கு நேர் எதிரான இரவு 1999 ஜனவரி 4. டபிள்யூசிடபிள்யூவின் சொந்த ஊரான அட்லான்டாவில், ஜார்ஜியா டோம் அரங்கில் நைட்ரோ. கெவின் நாஷிடம் ஒரு வாரத்துக்கு முன் தோற்று, நீண்ட வெற்றித் தொடரை இழந்த கோல்ட்பெர்க் பட்டத்தைத் திரும்பப் பெற மோத வேண்டும். அதைக் காட்டித்தான் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். கதைப்படி கோல்ட்பெர்க்கைப் போலீஸ் கூட்டிப் போகிறது, பதிலாக ஹல்க் ஹோகன் வருகிறார், நாஷின் நெஞ்சில் ஒரு விரலால் தொடுகிறார், நாஷ் மல்லாந்து விழுகிறார், ஹோகன் சாம்பியன். இதே இரவில் நைட்ரோ வர்ணனையாளர் டோனி ஷியாவோனி நேரலையில், அடுத்த சேனலின் பதிவான ராவில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போவதாக ஏளனமாகச் சொன்னார். கேட்டவர்கள் ரிமோட்டை எடுத்து ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கப் போனார்கள். ரா 5.7, நைட்ரோ 5.0. வாக்குக் கொடுத்ததை மறுத்தது ஒரு பிழை. எதிரியின் மகிழ்ச்சியான முடிவைத் தானே விளம்பரப்படுத்தியது இன்னொரு பிழை. இரண்டையும் பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால் முதலாவது கதைப் பிழை, இரண்டாவது வியாபாரப் பிழை.

எழுத உட்காரும் முன்

இப்போது கிடைக்கும் பிரதிகளில் சில வீரர்களின் நுழைவு இசை உரிமம் காரணமாக மாற்றப்பட்டிருக்கும். கூட்டத்தின் சத்தமும் அந்த இடத்தில் வேறு மாதிரி கேட்கும். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததைத் தண்டிக்காதீர்கள். 2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூ விற்கப்பட்டது என்பது 1996-இல் யாருக்கும் தெரியாது. அன்று அவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் காலம் அப்படித்தான் என்று சொல்லி நழுவவும் கூடாது. 90-களின் பிற்பாதி ராவில் பெண்களை நடத்திய விதம் பல இடங்களில் பார்க்கவே கூசும். அதை அப்படியே எழுதுங்கள். இரும்பு நாற்காலியால் தலையில் அடிப்பதற்கு மதிப்பெண் கூட்டாதீர்கள். 1999 ஜனவரியில் ராயல் ரம்பிளில் கை விலங்கோடு இருந்த ஃபோலியின் தலையில் பத்துக்கு மேற்பட்ட அடி விழுந்தது. அது பாவனை இல்லை, நிஜத் தலையில் விழுந்த நிஜ அடி. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

பழகுவதற்கு ஒரே ஒரு வாரத்தை எடுக்க வேண்டாம், தொடர்ந்து மூன்று வாரம் எடுங்கள். 1996 மே 27, ஜூன் 3, ஜூன் 10 நைட்ரோக்கள் இதற்கு மிகவும் பொருத்தம். முதல் வாரம் யாரும் பொருட்படுத்தாத ஒரு சின்ன மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது, ஜீன்ஸ் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து கயிற்றைத் தாண்டி ரிங்குக்குள் வந்து மைக்கைக் கேட்கிறார். தன்னை எல்லோருக்கும் தெரியும், ஏன் வந்திருக்கிறேன் என்பதுதான் தெரியாது என்கிறார். பெயரைச் சொல்வதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மன்ஹாட்டன் சென்டரில் ரேசர் ரமோன் என்ற பெயரில் அந்த ஒல்லிப் பையனிடம் தோற்ற அதே ஸ்காட் ஹால். ஜூன் 10 அன்று கெவின் நாஷ் அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். மூன்று வாரத்திலும் ஹால் திரையில் இருந்த நிமிடங்களைக் கூட்டுங்கள். வர்ணனையாளர்கள் எந்த நேரத்தில் மேட்சை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள், கூட்டம் எந்த வாரத்திலிருந்து நுழைவாயில் பக்கம் தலையைத் திருப்புகிறது என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.